இரண்டாவது ஆள் இல்லாமல் பந்தயம் ஏது?

(தாயில்பட்டியில் நடைபெற்ற தொலைக்காட்சிப் பட்டிமன்றம். தலைப்பு: ‘பந்தயம் சிறக்கப் பெரிதும் தேவை வேகமா? விதியா?’ ‘விதியே’ என்ற அணியில் நிறைவாகப் பேசியவரின் உரை.)

அன்புக்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்திருக்கும் வேகமான நண்பர்களே! என் பக்கத்தில் அமர்ந்திருக்கும் விவேகமான நண்பர்களே! (சிரிப்பு) வேலை முடிந்து, வீட்டுக்குப் போய், கைகால் கழுவி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, இந்தப் பந்தலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் தாயில்பட்டித் தாய்மார்களே! பெரியோர்களே! அண்ணாச்சிமார்களே! 

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு போடு போட்டார். “அமெரிக்கக் கோப்பை என்று ஒரு பாய்மரப் படகுப் பந்தயம் இருக்கு. அதிலே படகு ஓடறதில்லே, பறக்குது. வேகம் இருந்ததாலேதான் உலகமே பார்க்குது. விதியைப் பார்க்க எவன் டிக்கெட் வாங்குவான்?” அப்படின்னு கேட்டார். நீங்களும் கைதட்டினீங்க. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். (சிரிப்பு)

தம்பி, நீங்க கொண்டுவந்த படகிலேயே நானும் ஏறிக்கிறேன். நீங்க பாதிக் கடல்ல இறங்கிட்டீங்க. நான் கரை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். (கைதட்டல்)

அந்தப் படகு பறப்பது உண்மை. தண்ணிக்குள்ளே விமானத்துக்கு இருக்கிற மாதிரி ஒரு இறக்கையை இறக்கி வச்சிருக்காங்க. வேகம் கூடக் கூட அந்த இறக்கை படகை மேலே தூக்கிவிடும். படகின் வயிறு தண்ணியைத் தொடாது. தொடாததால் உராய்வு குறையும்; வேகம் இன்னும் கூடும். 50 நாட்டுக்கு மேலே போகுது. நம்ம கணக்கில் மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேலே. சிவகாசி பஸ் அந்த வேகத்தில் போனா நாம டிரைவரைத் திட்டுவோம்! (சிரிப்பு)

பல ஆண்டுகள் அந்தப் பந்தயத்தில் ஓடிய படகுக்கு என்ன பேர் தெரியுமா? காட்டமரான். நம்ம கட்டுமரம்! (பலத்த கைதட்டல்) 1697-ல் வெளிவந்த தன் பயணநூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். கைதட்டினீங்க, சந்தோஷம். ஆனால் தமிழ் வாத்தியார் பொய் சொல்லக் கூடாது. பேர்தான் நம்முடையது. இரண்டு உடல் வைத்து ஓடுகிற அந்தப் படகின் வடிவம் பசிபிக் தீவு மக்கள் கண்டது. இன்னொருத்தன் உழைப்புக்கு நாம பட்டா போடக் கூடாது. இதுவும் ஒரு விதிதான்! (கைதட்டல்)

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1851-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22. இங்கிலாந்தில் வைட் தீவைச் சுற்றிப் படகுப் பந்தயம். ‘அமெரிக்கா’ என்ற பெயருடைய பாய்மரக் கப்பல் ஒன்று போய் இங்கிலாந்துக் கப்பல்களை எல்லாம் வென்றது. அப்போது ஒரு கதை சொல்வார்கள். விக்டோரியா மகாராணி, “முதலில் வருவது அமெரிக்கா; இரண்டாவது யார்?” என்று கேட்டாராம். பக்கத்தில் இருந்தவர், “இரண்டாவது என்று யாரும் இல்லை, மகாராணி” என்றாராம்.

நடந்ததோ நடக்கவில்லையோ, அந்தக் கோப்பையின் குணம் முழுவதும் இந்தக் கதைக்குள் இருக்கிறது. இரண்டாவது என்று யாரும் இல்லையாம்! நான் கேட்கிறேன், நடுவர் அவர்களே. இரண்டாவது ஆள் இல்லாமல் பந்தயம் ஏது? தனியா ஓடினா அதுக்குப் பேர் பந்தயமா? அது காலை நடைப்பயிற்சி! (சிரிப்பு, கைதட்டல்) வேகம் முதல் ஆளை உண்டாக்கும். விதிதான் இரண்டாவது ஆளைக் காப்பாற்றும். இரண்டாவது ஆள் இருந்தால்தான் பந்தயம் இருக்கும். என் கட்சி இவ்வளவுதான்.

அந்தக் கோப்பையைப் பற்றி இன்னொரு செய்தி. அதில் நீங்க காப்பி குடிக்க முடியாது. ஏன்னா, அதுக்கு அடியே கிடையாது. நிஜமாத்தான் சொல்றேன். வெள்ளியில் செய்த குடுவை. அடி திறந்தே இருக்கும். பொருத்தமான கோப்பை! கோடி கோடியாக் கொட்டினாலும் நிரம்பவே நிரம்பாது. (பலத்த சிரிப்பு) குறை மட்டும் சொல்லிட்டுப் போனா வாத்தியாருக்கு அழகில்லை. அந்தப் பந்தயம் சிறக்க நான் ஐந்து யோசனை சொல்கிறேன்.

முதல் யோசனை: வென்றவனே விதி எழுதக் கூடாது.

அந்தக் கோப்பைக்கு 1857-லேயே ஒரு தானப் பத்திரம் எழுதினார்கள். 1887-ல் திருத்தி எழுதினார்கள். நாடுகளுக்கு இடையே நட்புப் போட்டியாக நடக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் கோப்பையை வைத்திருப்பவன் கையிலேதான் பெரும்பாலான சாவியும் இருந்தது. அறைகூவல் விடுகிற வெளிநாட்டுப் படகு சொந்தமாகவே கடல் கடந்து பந்தய இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்று ஒரு விதி. இங்கிலாந்துக்காரன் அட்லாண்டிக் பெருங்கடலைத் தாங்குகிற மாதிரி கனமான படகு கட்டணும். நியூயார்க்காரன் உள்ளூர்க் கடலில் ஓடுகிற மாதிரி இலேசாகக் கட்டிக்கலாம். இது எப்படி இருக்குன்னா, மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் ஓட்டப்பந்தயம் வச்சு, பெண் வீட்டார் மட்டும் சீர்வரிசையைத் தலையில் வச்சுக்கிட்டு ஓடணும்கிற மாதிரி! (பலத்த சிரிப்பு, பெண்கள் பக்கம் கைதட்டல்) அந்த விதியை 1956-ல்தான் தளர்த்தினார்கள்.

1851-லிருந்து 1983 வரை, 132 ஆண்டு, கோப்பை அமெரிக்காவை விட்டு நகரவில்லை. 1983-ல் ஆஸ்திரேலியாக்காரர்கள் படகின் அடியில் இறக்கை வைத்த புது மாதிரி அடிக்கட்டையைப் பொருத்தி, 3-1 என்று பின்தங்கி இருந்தும் 4-3 என்று வென்றார்கள். அந்த அறிவுக்கு நான் தலை வணங்குகிறேன். வேகத்துக்கு நான் எதிரி இல்லை, தம்பி. வேகம் யாருக்குச் சொந்தம் என்பதை விதி தீர்மானிக்கக் கூடாது என்கிறேன்.

1988-ல் என்ன கூத்து நடந்தது தெரியுமா? நியூசிலாந்து பத்திரத்தைப் படித்துப் பார்த்து மிகப் பெரிய படகு ஒன்றைக் கொண்டு வந்தது. அமெரிக்கா அதே பத்திரத்தைப் படித்துப் பார்த்து, சின்னதாக, இரண்டு உடல் வைத்த வேகப் படகைக் கொண்டு வந்தது. யானைக்கும் குதிரைக்கும் ஓட்டப்பந்தயம்! அமெரிக்கா 2-0 என்று வென்றது. கடலில் இரண்டே ஓட்டத்தில் முடிந்த பந்தயம் கோர்ட்டில் 1990 வரை ஓடியது. வேகம் குறைவா? இல்லை. பொது விதி இல்லை. கடலுக்குப் போன வழக்கு கோர்ட்டுக்குப் போச்சு. பங்காளிச் சண்டை மாதிரி ஆயிப்போச்சு! (சிரிப்பு)

ஆகவே விதி எழுதுகிறவர், பந்தயத்தில் ஓடாதவராக இருக்க வேண்டும். 2025-ல், அணிகள் கூட்டாகச் சேர்ந்து நடத்தும் அமைப்பு ஒன்றை அறிவித்தார்கள். அடுத்த போட்டி 2027-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில். நல்ல தொடக்கம். ஆனால் முதலாளிகள் பலர் சேர்ந்து எழுதினாலும் அது முதலாளிகள் எழுதிய விதிதான். ஓடாத ஒருவர் கையில் பேனாவைக் கொடுங்க. (கைதட்டல்)

இரண்டாவது யோசனை: பணத்துக்குக் கடிவாளம் போடுங்க.

2007-ல் ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்தபோது அறைகூவல் விட்டு வந்த அணிகள் பதினொன்று. 2013-ல் சான்பிரான்சிஸ்கோவில் எத்தனை? மூன்று. ஏன்? படகு பெரிசாச்சு, வேகம் கூடிச்சு, செலவு எகிறிச்சு. வேகம் கூடினால் கூட்டம் கூடும் என்றார் எதிரணித் தலைவர். ஐயா, வேகம் கூடினது. ஓட ஆள் குறைஞ்சுபோச்சு! (கைதட்டல்)

இதுக்கு மாற்று இருக்கு. 2019-ல் ‘செயில் ஜி.பி.’ என்று ஒரு தொடர் ஆரம்பித்தார்கள். அதில் எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரிப் படகு. ஒரு படகின் கருவிகள் காட்டுகிற கணக்கை மற்ற அணிகளும் பார்க்கலாம். முதல் பெஞ்சுப் பையன் தன் நோட்டைக் கடைசி பெஞ்சுப் பையனுக்குக் கொடுக்கிற மாதிரி! அதனால் வேகம் குறைஞ்சுதா? அதுவும் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடுகிற படகுதான். ஒலிம்பிக்கிலே பல பிரிவுகளில் அதே கதைதான். நம்ம சென்னைப் பெண் நேத்ரா குமணன், பாய்மரப் படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். 2021-ல் டோக்கியோ, 2024-ல் பாரிஸ். நம்ம தமிழ்ப் பையன் விஷ்ணு சரவணன் 2023-ல் நடந்த ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். இவங்க ஓட்டியது எல்லாருக்கும் ஒரே அளவில் செய்த படகு. அந்த விதி இருந்ததாலேதான் கோடீசுவரனாக இல்லாத வீட்டுப் பிள்ளையும் அந்தக் கோட்டிலே போய் நிற்க முடிஞ்சது! (பலத்த கைதட்டல்)

அமெரிக்கக் கோப்பைக்கு அப்படியே எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புதுமை அதன் பெருமை. படகின் உடல் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். இறக்கையிலும் பாயிலும் அவரவர் மூளையைக் காட்டட்டும். மொத்தச் செலவுக்கு உச்சவரம்பு வைத்து, கணக்கை வெளி ஆள் தணிக்கை செய்யட்டும். அறிவுக்கு வரம்பு வேண்டாம். பணத்துக்கு வரம்பு வேண்டும்.

மூன்றாவது யோசனை: நாடு என்றால் நாடாக இருக்கட்டும்.

2003-ல் கோப்பையை வென்றது எந்த நாடு தெரியுமா? சுவிட்சர்லாந்து. அங்கே மலை உண்டு, பால் உண்டு, கடிகாரம் உண்டு, பாங்க் உண்டு. கடல்? கிடையாது! (சிரிப்பு) எப்படி வென்றார்கள்? 1995-லும் 2000-லும் நியூசிலாந்துக்கு வென்று கொடுத்த தலைவர் ரசல் கூட்ஸையே அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். வென்ற கோப்பையை 2007-ல் தற்காத்துக்கொள்ளப் போட்டி நடத்த வேண்டும். கடல் இல்லையே! ஸ்பெயினில் போய் நடத்தினார்கள்.

எனக்கு உடனே என்ன தோணிச்சுன்னா, தாயில்பட்டிக்கும் கடல் கிடையாது. அதனாலே நாமளும் ஒரு கை பார்த்துடலாம். வெம்பக்கோட்டை அணையிலே பயிற்சி எடுத்துக்கலாம். தண்ணி இருக்கிற மாசமாப் பார்த்து! (பலத்த சிரிப்பு, நீண்ட கைதட்டல்) சிரிக்காதீங்க. அதே வெம்பக்கோட்டையிலே 2022-லிருந்து நடந்த அகழாய்விலே சங்கு வளையல் கிடைச்சிருக்கு. கடல் இல்லாத ஊரிலே கடல் சங்கு. நம்ம முன்னோருக்கும் கடலுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கு. (கைதட்டல்)

ஆள் வாங்குவது தப்பில்லை. ஆனால் ‘நாடுகளுக்கு இடையே’ என்று பத்திரத்திலே எழுதி வச்சிருக்கு. அணியில் ஒரு குறிப்பிட்ட பங்கு அந்த நாட்டுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். வசதி இல்லாத நாட்டுக்குச் சில ஆண்டுகள் விலக்குக் கொடுங்க. அதற்குள் தன் பிள்ளைகளைத் தயார் செய்யட்டும். இராமநாதபுரம் மாவட்டத்திலே தொண்டிப் பக்கம் கோயில் திருவிழாவை ஒட்டி மீனவர்கள் பாய்மரப் படகுப் பந்தயம் நடத்துகிறார்கள். ஊர்ப் படகில் ஊர்ப் பிள்ளை ஓடுவதால்தான் கரையிலே ஊரே நின்று கத்துகிறது. கூலிக்கு வந்தவனுக்காகத் தொண்டை கிழியக் கத்துவது யாரு?

நான்காவது யோசனை: பெண்கள் போட்டி தனி மேசையாக இருக்கக் கூடாது.

1851-ல் தொடங்கிய பந்தயம். பெண்களுக்கென்று முதல் போட்டி எப்போது வச்சாங்க? 2024-ல், பார்சிலோனாவில். 173 வருஷம் யோசிச்சிருக்காங்க! (சிரிப்பு) இத்தாலிப் பெண்கள் வென்றார்கள். சந்தோஷம். ஆனால் கல்யாண வீட்டிலே பெரிய பந்தி முடிஞ்ச பிறகு பெண்களுக்குச் சின்னப் பந்தி போடுற மாதிரி, சின்னப் படகு, தனிப் போட்டி. என் யோசனை இது: பெண்கள் அணி எடுத்த புள்ளி பெரிய அணியின் கணக்கிலே சேர வேண்டும். அப்பத்தான் ஒவ்வொரு அணியும் அவங்களுக்கு நல்ல பயிற்சியும் நல்ல பயிற்சியாளரும் கொடுக்கும். மரியாதை மேடையிலே மட்டும் இருந்தாப் போதாது; கணக்கிலே இருக்கணும். இந்த மாவட்டத்துப் பெண்கள் கைகளில்தான் இந்தியாவின் தீபாவளியே உருவாகுது. ஆனால் கணக்கிலே அவங்க பேர் எங்கே வருது என்று நான் கேட்க வேண்டியதில்லை. உங்களுக்கே தெரியும். (நீண்ட கைதட்டல்)

ஐந்தாவது யோசனை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். ‘நிறுத்து’ என்று சொல்லும் உரிமை.

2013-ஆம் ஆண்டு மே 9. சான்பிரான்சிஸ்கோ விரிகுடா. போட்டிகூட இல்லை, பயிற்சி. சுவீடன் அணியின் பெரிய படகு கவிழ்ந்து உடைந்தது. அதில் இருந்தவர் ஆண்ட்ரூ சிம்ப்சன். இங்கிலாந்துக்காரர். வயது 36. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். நீச்சல் தெரியாதவரா? கடல் தெரியாதவரா? உலகத்திலேயே கடலை நன்றாக அறிந்தவர்களில் ஒருவர். படகின் அடியில் சிக்கிக்கொண்டார். உயிரோடு மீட்க முடியவில்லை.

(அரங்கில் அமைதி)

அதற்குப் பிறகுதான் 37 பரிந்துரைகள் வந்தன. தலைக்கவசம், மார்புக் கவசம், இடுப்பில் சின்ன மூச்சுக் காற்றுக் குப்பி எல்லாம் வந்தன. 33 நாட் காற்று வரைக்கும் ஓட்டலாம் என்று இருந்ததை இறுதிப் போட்டிக்கு 23 நாட்டாகக் குறைத்தார்கள். வேகம் குறைஞ்சு போச்சா, தம்பி? அந்த ஆண்டு நடந்ததுதான் அந்தக் கோப்பையின் வரலாற்றிலேயே மறக்க முடியாத போட்டி.

அமெரிக்க அணி முந்தின தொடரில் சின்னப் படகுகளில் விதிக்கு மாறாக எடை சேர்த்தது கண்டுபிடிக்கப்பட்டது. போன முறை சாம்பியன். போட்டி நடப்பது சொந்த ஊர். இருந்தாலும் இரண்டு புள்ளியை வெட்டினார்கள். விதி என்றால் அது! நியூசிலாந்து 8-1 என்று முன்னேறியது. இன்னும் ஒரே ஒரு வெற்றி. பதின்மூன்றாவது ஓட்டத்தில் நியூசிலாந்து வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. காற்று படுத்துவிட்டது. 40 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. நேரம் முடிந்தது. ஓட்டம் ரத்து. அதன் பிறகு அமெரிக்கா வரிசையாக வென்று, செப்டம்பர் 25-ல் 9-8 என்று கோப்பையை எடுத்தது.

எதிரணி இப்போது எழுந்து கேட்கலாம்: “பார்த்தீங்களா? விதி நியூசிலாந்தின் வாயிலே இருந்த சோற்றைப் பிடுங்கிவிட்டதே!” நியாயமான கேள்வி. நான் பதில் சொல்கிறேன். அந்த விதி அன்றைக்குக் காலையில் எழுதியது இல்லை. முன்கூட்டியே எழுதியது. இரண்டு பேருக்கும் தெரிந்தது. இரண்டு பேருக்கும் பொதுவானது. விதி வலிக்கும். வலிக்காத விதி விதியே இல்லை. அந்த நியூசிலாந்து என்ன செய்தது? வீட்டில் முடங்கிவிடவில்லை. 2017-ல் பெர்முடாவில் 7-1 என்று வென்றது. 2021-ல் 7-3. 2024-ல் 7-2. தோற்றவன் திரும்பி வர முடிந்தது. ஏன்? விதி அவனை உயிரோடு வச்சிருந்தது! (பலத்த கைதட்டல்)

இப்போ என் ஐந்தாவது யோசனை. காற்று அளவைப் பார்த்து நிறுத்துகிற அதிகாரி எந்த அணியிடமும் சம்பளம் வாங்கக் கூடாது. தொலைக்காட்சி நேரத்துக்குப் பயப்படக் கூடாது. பயிற்சி நாளிலும் அவர் சொல் செல்ல வேண்டும். ஏன்னா சிம்ப்சன் போனது பயிற்சி நாளில். அதோடு, படகில் இருக்கிற எவன் ‘நிறுத்து, ஏதோ சரியில்லை’ என்று சொன்னாலும், சொன்னதற்காக அவன் இடம் போகக் கூடாது, அணிக்கு ஒரு புள்ளியும் குறையக் கூடாது.

ஏன் இதைத் தாயில்பட்டியில் நின்று சொல்கிறேன்? இந்த ஊர்க்காரர்களுக்கு நான் வேகத்தைப் பற்றிப் பாடம் நடத்த முடியுமா? ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அளவுக்கு மேல் மருந்து வைக்கக் கூடாது என்று தெரியும். மரத்தடியில் வைத்து வேலை பார்க்கக் கூடாது என்று தெரியும். தெரிந்தும் ஏன் நடக்கிறது? தீபாவளி ஆர்டர் நெருக்குது. லைசென்ஸ் ஒருத்தர் பேரில் இருக்கு, உள்குத்தகைக்கு எடுத்தவர் இன்னொருத்தர். போட்ட பணத்தைச் சீக்கிரம் எடுக்கணும். கூலி பீஸ் ரேட்டு. கை வேகமாப் போனாத்தான் வீட்டிலே உலை கொதிக்கும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். நான் எண்ணிக்கை சொல்லப் போவதில்லை. நீங்க எண்ணிக்கையாகவா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க? பேர் பேராகச் சொல்வீங்க.

(அரங்கில் அமைதி)

விதி சுவரில் எழுதியிருக்கு, அம்மா. சுவர் பேசாது. ‘இன்னைக்கு வெக்கை அதிகமா இருக்கு, மருந்து சரியில்லை, நிறுத்துங்க’ என்று ஒரு போர்மேனோ, ஒரு அக்காவோ சொன்னால், அன்றைக்கு அந்த அறையில் இருந்த நாலு பேருக்கும் முழுக் கூலி கிடைக்க வேண்டும். அப்போதுதான் வாய் திறக்கும். ‘நிறுத்து’ என்றவனுக்குக் கூலி வெட்டு, ‘ஓட்டு’ என்றவனுக்குப் போனஸ் என்றால், கடலாக இருந்தாலும் கந்தகமாக இருந்தாலும் முடிவு ஒன்றுதான். (நீண்ட நேரம் கைதட்டல்)

விதி வந்தால் வீரம் போய்விடும் என்றார்கள். ஜல்லிக்கட்டைப் பாருங்க. 2014-ல் தடை வந்தது. 2017-ல் நாடே திரண்டது, சட்டம் திருத்தப்பட்டது. காளைக்கு மருத்துவச் சோதனை, வீரனுக்கு மருத்துவச் சோதனை, பதிவு, சீருடையில் எண், தடுப்பு வேலி என்று விதிகளோடுதான் வாடிவாசல் திரும்பத் திறந்தது. 2023-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. வீரம் செத்தா போச்சு? விதிதான் வீரத்தைப் பிழைக்க வைத்தது! (கைதட்டல்)

நடுவர் மணி அடிக்கக் கையைத் தூக்குகிறார். அவரும் விதிக்கட்சிதான் என்று தெரிகிறது. (சிரிப்பு) இரண்டே நிமிடம், ஐயா.

அந்தக் கோப்பைக்காக ஐந்து முறை அறைகூவல் விட்டவர் சர் தாமஸ் லிப்டன். 1899, 1901, 1903, 1920, 1930. ஐந்து முறையும் தோற்றார். தேயிலை வியாபாரி. அவர் தோட்டங்கள் இலங்கை மலையில். அந்த மலையகத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளிய கைகள், இந்த மாதிரி வறண்ட மண்ணிலிருந்து பிழைக்கப் போன தமிழ்க் கைகள். அவர் படகின் பாயில் நம்ம வியர்வைக் காற்றும் கொஞ்சம் வீசியிருக்கிறது. ஐந்து முறை தோற்றாலும் முகம் சுளிக்காத அந்த மனுஷனுக்கு, அமெரிக்க மக்கள் தங்களுக்குள் பணம் வசூலித்து ஒரு தங்கக் கோப்பை கொடுத்தார்கள். இரண்டாவது என்று யாரும் இல்லை என்று தொடங்கிய பந்தயம், கடைசியில் இரண்டாவது ஆளுக்குத் தனிக் கோப்பை கொடுத்தது! (கைதட்டல்)

இதை நம்ம ஊரில் ஒரு பெண் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே சொல்லிவிட்டாள். புறநானூற்றின் 66-ஆம் பாட்டு. பாடியவர் வெண்ணிக் குயத்தியார். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனைப் பார்த்துப் பாடுகிறார். காற்றை வசப்படுத்திக் கடலில் கப்பல் ஓட்டியவன் வழியில் வந்தவனே என்று புகழ்கிறார். பாய்மரப் பெருமை அங்கே வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருந்தால் பரிசு நிச்சயம். ஆனால் அந்த அம்மா அடுத்து என்ன கேட்கிறார்? வென்றது நீதான், ஆனால் உன்னிடம் தோற்று, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி, வடக்கிருந்தானே ஒருவன், அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று, வென்ற மன்னன் முகத்துக்கு நேரே கேட்கிறார்!

அது என்ன துணிச்சல்! அந்தப் பாட்டில் காற்றும் இருக்கிறது, கப்பலும் இருக்கிறது, வெற்றியும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்துக்குத்தான் பந்தயத்தில் விதி என்று பேர்.

எனவே, நடுவர் அவர்களே, வேகம் வேண்டும். யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் வேகம் ஒருவனைக் கரை சேர்க்கும். விதி எல்லாரையும் கரை சேர்க்கும். 2027-ல் நேப்பிள்ஸில் கோப்பையை எந்த நாடு வேண்டுமானாலும் எடுக்கட்டும். அங்கே கடலுக்குப் போன அத்தனை பிள்ளைகளும் சாயங்காலம் வீடு திரும்பணும். இங்கே காலையில் தூக்குவாளியோடு ஆலைக்குப் போன அத்தனை பேரும் சாயங்காலம் அதே தூக்குவாளியோடு வீடு திரும்பணும். அதுதான் பந்தயம் சிறந்தது என்பதற்கு அடையாளம். அதைத் தருவது விதியே, விதியே, விதியே என்று சொல்லி அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)